ஏழை மாணவருக்கும் எட்டும் ஆய்வுநூல்

இறையியல் கல்லூரிகளில் கிறிஸ்தவத் தகவல் தொடர்பியலும், கலைக் கல்லூரிகளில் இதழியலும் இளநிலை மாணவருக்குக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. இப்பாடங்களில் அவர்கள் மிகுதியும் இடறுவது ஆராய்ச்சி முறையியலில்தான். காரணம் அறிவுக் குறைவன்று, கையில் நூலின்மையே. அயல்நாட்டு ஆங்கில நூலை விலை கொடுத்து வாங்குதல் கிராமப் போதகரின் பிள்ளைக்கு இயலுவதன்று. ஆகவே வினாவிடைக் குறிப்பை மனனம் செய்து தேறிவிடுகின்றனர். பின்னர் குருத்துவப் பணியில் அமர்ந்து, சபையாரிடம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, வந்த விடைகளைக் கூட்டி, "சபையின் மனம் இது" என்று அறிக்கை எழுதுகின்றனர். அதை நம்பியே ஓர் ஊரின் ஆராதனை நேரமோ, சபைப் பள்ளியின் எதிர்காலமோ தீர்மானிக்கப்படுகிறது.

நகலெடுத்தால் போதாதோ எனலாம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின்மீது அயல்நாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடர்ந்தன. கல்விக்காக நகலெடுத்தலுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே. ஆயினும் நகலெடுக்கலாம் என்பதால் அந்நூலைத் தமிழாக்கவோ, திருத்தவோ, புதிய எடுத்துக்காட்டுகளுடன் அச்சிடவோ உரிமை கிடைத்துவிடாது. மலிவு வேறு, திறப்பு வேறு.

திறந்த பாடநூல் என்பது இவ்வுரிமைகளை ஆசிரியரே முன்வந்து அளித்த நூல். தென் புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனோல் பட்டாச்சார்ஜி 2012இல் வெளியிட்ட சமூக அறிவியல் ஆராய்ச்சி நூல் இவ்வகையது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, அவர் பெயரைக் குறிப்பிட்டு, இலாப நோக்கின்றி, அதே உரிமத்துடன் வெளியிடுவோர் எவரும் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். ஆனால் அது முதுநிலை, முனைவர் பட்ட மாணவருக்கென எழுதப்பட்டது. வரிக்கு வரி தமிழாக்கினால் நம் இளநிலை மாணவருக்குப் பயன்படாது.

கலைச்சொல்லே முதல் இடர். ஆங்கிலத்தார் 'சாம்பிள்' என்பதை நாம் 'மாதிரி' என்கிறோம். மாதிரிப் பள்ளி, மாதிரிப் பண்ணை என்று பழகிய மாணவர், மாவட்டத்திலேயே சிறந்த சபையைத் தேடிச் சென்று அதையே 'மாதிரி'யாக ஆய்ந்து வருவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியைக்கொண்டு இதை விளக்கலாம். சோறு ஒரே கொதியில் வெந்ததால் ஒன்றே பதம் காட்டுகிறது. சபையோ அவ்வாறு சீராக வெந்த பானையன்று. ஊர்த் தெருவும் சேரியும், முதியோரும் வேலைக்குச் சென்ற இளைஞரும் தனித்தனியே தொட்டுப் பார்க்கப்பட வேண்டியவர்கள்.

எடுத்துக்காட்டுகளும் மாணவர் அறிந்த மண்ணிலிருந்தே வரவேண்டும். செங்கற்பட்டுப் பகுதியினருக்குத் திருக்கழுக்குன்றத்தைவிடச் சிறந்ததொன்று தேவையில்லை. அம்மலையில் நண்பகலில் இரு பறவைகள் வந்து குருக்கள் கையால் அமுதுண்டு சென்றதைத் திரளானோர் கண்டனர். அவை மஞ்சள்முகப் பாறுகள். கண்டது உற்றுநோக்கல். அவை காசியில் நீராடி இராமேசுவரம் செல்பவை என்பது மரபுரை. என்றும் வந்தவை அதே இரு பறவைகளோ என்பது, அடையாளமிட்டாலன்றி எவரும் கூறவியலாதது. சென்ற நூற்றாண்டின் இறுதியில் பறவைகளின் வரவு நின்றுவிட்டதால் இன்று எஞ்சியிருப்பது முதியோரின் நினைவே. அதற்கு நேர்காணல் முறை வேண்டும். அயலாரின் நம்பிக்கையை மறுப்பது இங்கு நம் வேலையன்று. எவர் எவருக்கு என்ன சொல்லி வந்தனர், அதைக் கேட்டோர் எவ்வாறு ஏற்றனர் என்பதே தொடர்பியலாரின் வினா.

நம் சபை வரலாற்றிலும் எடுத்துக்காட்டு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் கிரண்ட்லரும் தமிழரிடம் வினாக்களை எழுப்பிப் பெற்ற மறுமொழிக் கடிதங்கள், ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு 1714லும் 1717லும் ஹாலேயில் அச்சாயின. வினவியவர் மிஷனெரி, விடையளித்தவர் அதை அறிந்தே எழுதினார். விடையின் நிறம் இதனால் மாறியிராதோ? போதகர் வினவும்போது சபையார் தரும் விடைக்கும் இதுவே பொருந்தும். சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலோ 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பூட்டிய நூல் எவருக்குப் பயன்பட்டது?

ஒருவரே முழுநூலையும் எழுதவேண்டுவதில்லை. அதிகாரங்களைத் தனித்தனிச் சிறுநூல்களாக அச்சுச் செலவுக்கே கொடுக்கலாம்; கணினிப் படியை எவரும் திருத்தத்தக்க ஒருங்குறியில் இலவசமாக வைக்கலாம். எழுதியோர், திருத்தியோர் பெயர்கள் அனைத்தும் அதில் நிற்கவேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. முதலில் நேர்காணல் அதிகாரத்தை எழுதி, ஓராண்டு வகுப்பில் பயன்படுத்தி, மாணவர் பென்சிலால் கேள்விக்குறியிட்ட இடங்களைத் திருத்திய பின்னரே அடுத்த அதிகாரத்தைத் தொடங்கலாம்.