வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்னால்... வெளிநாட்டு மேல்படிப்புக்கு உதவி தேடும் வழி



முன்பெல்லாம் நம்ம குழுக்களில் படிப்புக்கென்று கடன் கேட்டால், அது பள்ளிக்கூடக் கட்டணமாகவோ பாலிடெக்னிக், நர்சிங் செலவாகவோ இருக்கும். இப்போது, “எம் பொண்ணு வெளிநாட்டுல மேல படிக்கணும்ங்கறா, குழுவுல எவ்வளவு கெடைக்கும்?” என்று கேட்கும் அம்மாக்களும் வருகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இது குழுக் கடனில் முடிகிற காரியம் இல்லை. வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் கையில் எடுக்கும் முன்னால், திருப்பிக் கட்ட வேண்டாத பணம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்த வழிகளைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மீதி எவ்வளவு?

உதவித்தொகை என்பது திருப்பித் தர வேண்டாத பணம். கட்டணச் சலுகை என்றால் பல்கலைக்கழகம் தன் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கும், அவ்வளவுதான். கடன் என்றால் வட்டியோடு கட்ட வேண்டும். இந்த மூன்றையும் சிலர் ‘ஸ்காலர்ஷிப்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 20 லட்சம், ‘ஸ்காலர்ஷிப்’ 5 லட்சம் என்கிறார்கள். கேட்கும்போது பெரிதாகத்தான் தெரியும். மீதிக் கட்டணம் 15 லட்சம். அதற்கு மேல் வீட்டு வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், விசா எல்லாம் இருக்கிறது. அதனால் யார் எந்த உதவியைச் சொன்னாலும், “எல்லாம் போக மீதி நாங்க எவ்வளவு கட்டணும்?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம் அரசுகள் தருவது

மத்திய சமூக நீதி அமைச்சகம் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை கொடுக்கிறது. ஆதிதிராவிடர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கானது இது. முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், மதிப்பெண் 60 சதவீதம், வயது 35-க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. கட்டணம், தங்கும் செலவு, விமானப் பயணம் எல்லாம் இதில் அடங்கும். பழங்குடியினருக்கு, பழங்குடியினர் நல அமைச்சகத்தில் 20 இடங்கள் கொண்ட தனித் திட்டம் உண்டு.

தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. 2024-25 விதிப்படி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பிரிவில் இந்த ஆண்டின் விதியைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2025-ல் மத்திய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் ஆணை வந்தது. மற்ற 66 பேருக்கு, நிதி இருப்பதைப் பொறுத்துத் தருவோம் என்றார்கள். ஆகவே ஒரே விண்ணப்பத்தை நம்பி உட்கார வேண்டாம். நான்கைந்து இடத்தில் போட வேண்டும்.

மற்ற நாடுகள் தருவது

கீழே உள்ளவற்றுக்குச் சாதி வரம்பு இல்லை. எல்லாப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

ஜப்பான்: அந்நாட்டு அரசின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகையில் கட்டணம், மாதாந்திரப் பணம், போகவர விமான டிக்கெட் மூன்றும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் இதில் ஒரு பிரிவு இருக்கிறது. தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

ஜெர்மனி: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. “ஜெர்மனியில படிப்பு இலவசம்” என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பா: ‘எராஸ்மஸ் முண்டஸ்’ முதுநிலைப் படிப்பில் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ செலவுக்குத் தருவார்கள்.

இங்கிலாந்து: ‘செவனிங்’ உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கும். இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் தாய்நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும்.

அமெரிக்கா: முனைவர் பட்டத்துக்குச் சேரும் பல மாணவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடியாகும். வகுப்பெடுக்க உதவுவதற்கும் ஆராய்ச்சி வேலைக்கும் மாதச் சம்பளமும் கிடைக்கும். முதுநிலைப் படிப்புக்கு இப்படிக் கிடைப்பது குறைவு.

கடைசியில்தான் வங்கிக் கடன்

உதவித்தொகை போக மீதிக்குத்தான் கடன். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதன் கீழ் கொடுக்கும் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் வீடோ நிலமோ கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு அது வராது.

படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 20 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு மொத்தமாக எடுத்தால், இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனி வட்டியே 6 லட்சம். கடன் பத்திரத்தில் பிள்ளையோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது நாம்தான். தவணை தவறினால் நம் பெயரும் கெடும். நாளைக்கு நாம் ஒரு மாட்டுக் கடன் கேட்டுப் போனாலும் வங்கி அதைப் பார்க்கும்.

ஏஜெண்டு வந்தால்

“பத்து நாள்ல விசா, நூறு சதவீதம் ஸ்காலர்ஷிப், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க” என்று ஒருவர் சொன்னால் காசை எடுக்காதீர்கள். ‘ஸ்காலர்ஷிப் கன்ஃபர்ம் பண்ண’ என்று யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். மேலே சொன்ன உதவித்தொகைகளுக்குப் பிள்ளைகள் தாங்களே விண்ணப்பிக்கலாம். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டிடம் விட்டு வரவே கூடாது. மருத்துவம் படிக்க என்றால் நீட் தேர்ச்சி இல்லாமல் போகக் கூடாது. போனால் படித்து வந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது.

எப்போது தொடங்க வேண்டும்?

போக நினைக்கும் மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே தொடங்க வேண்டும். பல உதவித்தொகைகளின் கடைசித் தேதி, படிப்பு ஆரம்பிக்க எட்டு, பத்து மாதம் முன்பே முடிந்துவிடும். இதைத் தெரியாமல் தவறவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

• பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் அப்பா பெயர் என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.
• சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.
• ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டாண்டுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்னாடியும் எழுத வேண்டாம்.
• பிள்ளையை நன்றாகத் தெரிந்த இரண்டு பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்க வேண்டாம்.

குழு என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட் கட்டணம், தேர்வுக் கட்டணம், சான்றிதழ் நகல் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு உள்கடன் கொடுக்கலாம். அது குழுவின் சக்திக்கு உட்பட்டது. லட்சக்கணக்கில் ஒரே உறுப்பினருக்குக் கொடுத்துக் குழுவைத் திணறவிட வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ இருக்கிற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இந்தப் பக்கத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். யாருக்கு எந்த வழி பொருந்தும், கடைசித் தேதி எப்போது என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேதி நம் கையில் இருந்தால், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும்.