வரம்பை மறவாதீர்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் வழியிலே பறிபோயின. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேறினர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். துவக்குத் தூக்காத விவசாயிகளும் மீனவரும் வணிகருமே இவர்கள்.

உள்நாட்டுப் போரில் குடிமக்களை, அவர்களின் பாதுகாப்புக்கோ கட்டாய இராணுவத் தேவைக்கோ அன்றி, இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது 1977ஆம் ஆண்டின் ஜெனீவா இரண்டாம் மேலதிக நெறிமுறை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இதற்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தம் மட்டும் வயலைத் திருப்பித் தராது.

தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரச் சட்டம் இடமளிக்கிறது. விரட்டப்பட்டோரில் பெரும்பாலோருக்கோ 2009 வரை ஊர்ப்பாதை திறக்கவில்லை. 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் போர்க்காலத்தை அக்கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் அது இரண்டு ஆண்டுகளுக்கே நடைமுறையில் இருந்தது.

ஆகவே புத்தளத்தில் வாழும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுவே: உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். வயலின் பெயரையும் நான்கு எல்லைகளையும் அயற்காணிக்காரரின் பெயர்களையும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அங்குள்ள வரம்பு தெரிந்திருக்க வேண்டும்.