புயலா, பாய்ச்சலா?

'ஸ்டார்ம்' என்றால் புயல் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் அதுவே வினைச்சொல்லானால், காத்துக் கிடக்காமல் கோட்டைமீது பாய்ந்து அதைப் பிடிப்பது என்று பொருள்.

வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் அங்குள்ள பாறைமலையைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேலுள்ள கோட்டையை 1768-இல் ஆங்கிலேயர் வழிகளை அடைத்துக் காத்திருந்தே பணிய வைத்தனர். 1791 நவம்பரில் தளபதி மாக்ஸ்வெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை, பாய்ந்தார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் விழுந்தன. மேற்கோட்டையிலிருந்தோ பெரும் பாறைகள் உருண்டு வந்தன! படை திரும்பியது.

மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக் கொடுத்தார். பாய்ந்து பிடிக்க முடியாத கோட்டை பேனா முனையில் கைமாறியது.

கோபத்தில் விருட்டென்று வெளியேறுவதையும் 'ஸ்டார்ம் அவுட்' என்பார்கள். வீட்டில் யாரேனும் அப்படிப் போனால், சகோதரிகளே, பின்னாலேயே பாயாதீர்கள். சற்றுப் பொறுத்துப் பேசிப் பாருங்கள்.