தோட்டத்து வீட்டுக்கு இணையம்: ஆன்டெனா வாங்கும் முன்

கிணற்று மேட்டில் நின்றால் கைபேசி பேசுகிறது. வீட்டுக்குள் வந்தால் அடங்கிவிடுகிறது. ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்தில் குடியிருக்கும் உழவர் பெருமக்கள் பலருக்கும் இது அன்றாடத் தொல்லை. சந்தை விலை பார்ப்பதற்கும், பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கும், பிள்ளைகளின் பாடத்துக்கும் இணையம் தேவைப்படுகிறது. கேபிள் வராத இடத்தில் 4ஜி ரூட்டர் ஒன்றையும், கூரை மேல் ஓர் ஆன்டெனாவையும் வைத்துக் கொள்வதே கைக்கெட்டும் வழி. ஆனால், எந்த ஆன்டெனா என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீணாகும். எனக்கே அவ்வாறு நேர்ந்தது.

எங்கள் தோட்டத்திலிருந்து செல்போன் கோபுரம் ஏறக்குறைய 4 கி.மீ. தொலைவில், ஒரு தென்னந்தோப்புக்கு அப்பால் உள்ளது. கடைக்காரர் ஒருவர், “பெரிசா வாங்குங்க சார், நல்லா இழுக்கும்” என்று சொல்லி, வலைத்தட்டு போன்ற ஆன்டெனாவையும் 15 மீட்டர் மெல்லிய கேபிளையும் கட்டிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தபோது, ஆன்டெனா இல்லாமல் ரூட்டர் காட்டிய அளவை விட அது குறைவாகவே காட்டியது. “இதுக்கு அந்தப் பணத்துல நாலு மூட்டை உரம் வாங்கியிருக்கலாம்” என்றார் என் தந்தை. தவறு இரண்டு. அந்தத் தட்டு 2400 மெகாஹெர்ட்ஸ் அலைக்காகச் செய்யப்பட்டது; எங்கள் கோபுரத்திலிருந்து வருவதோ 900. கேபிளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எனவே, மண் பரிசோதனை செய்யாமல் உரமிடக்கூடாது என்பது போல, அலைவரிசை தெரியாமல் ஆன்டெனா வாங்கக்கூடாது. நம் நாட்டில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் முதலிய பல அலைவரிசைகளில் வருகிறது. உங்கள் இடத்துக்கு எது வருகிறது என்பதை ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலோ, கைபேசியில் இதற்கென உள்ள செயலியிலோ பார்க்கலாம். அதே பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற அளவும் இருக்கும். இதற்கு முன்னால் கழித்தல் குறி உண்டு. இதைக் கிணற்று நீர்மட்டம் போல எண்ணிக் கொள்ளுங்கள்: எண் பெரிதானால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது. -85 இருந்தால் நன்று. -100 சுமார். -110க்குக் கீழே போனால் பாடுதான். 10 இறங்கினால் அலையின் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். எஸ்.ஐ.என்.ஆர். என்ற மற்றோர் எண், இரைச்சலுக்கு மேல் அலை எவ்வளவு தெளிவாக உள்ளது என்பதைக் காட்டும். அது 20க்கு அருகில் இருந்தால் மிக நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் இணையம் தடுமாறும்.

இந்த எண்களைக் குறித்துக் கொண்டு, ஆன்டெனா வாங்கும் முன்பே ரூட்டரை மாடிக்கோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ எடுத்துச் சென்று பாருங்கள். சுவரும், குறிப்பாகத் தகரக் கூரையும், அலையைப் பெரிதும் தடுக்கின்றன. சில வீடுகளில் இதனாலேயே தேவை தீர்ந்துவிடும்.

இனி ஆன்டெனாவின் வகைகளைப் பார்ப்போம். ‘கெயின்’ என்று டி.பி.ஐ. கணக்கில் எழுதியிருப்பார்கள். ஆன்டெனா தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. கைத்தெளிப்பானின் முனையைத் திருகினால் அதே மருந்து பனி போல விரியவும் செய்யும், ஒரே தாரையாக நீளவும் செய்யும் அல்லவா? அதுபோலத்தான். 3 கூடினால் அந்தத் திசையில் திறன் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. ஆனால், தாரை குறுகக் குறுகக் குறி தப்பும்.

எல்லாத் திசையிலும் வாங்கும் குச்சி ஆன்டெனா, கோபுரம் அருகில் இருப்போருக்கு மட்டுமே போதும். சதுரப் பலகை போன்ற பேனல், கோபுரம் இரண்டு மூன்று கி.மீ.க்குள் தடையின்றித் தெரிந்தால் நன்றாக வேலை செய்யும், திருப்புவதும் எளிது. அடுத்தது யாகி. இது நமக்குப் பழக்கமானதே. 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரு அறிஞர்கள் வெளியிட்ட அமைப்பு இது. 1980களில் தூர்தர்ஷனுக்காகவும் ரூபவாகினிக்காகவும் நம் கூரைகளில் நின்ற ஏரியலும் இந்த வகைதான். கெயின் மிகுதி, ஆனால் ஒரே அலைவரிசைக்குத்தான் பொருந்தும். இதைப் போலவே தோற்றமளிக்கும் லாக் பீரியாடிக் ஆன்டெனா 700 முதல் 2700 வரை எல்லாவற்றையும் வாங்கும். கெயின் சற்றுக் குறைவு, 9 அல்லது 10 இருக்கும். நிறுவனம் அலைவரிசையை மாற்றினாலும் பயன்படும் என்பதால் தோட்டங்களுக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன். வலைத்தட்டு 20க்கு மேல் கெயின் தரும். ஆனால், அதற்குரிய அலைவரிசையில்தான் தரும். காற்றில் சில பாகை அசைந்தாலும் குறி விலகிவிடும்.

எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க வேண்டும். 4ஜி கோபுரங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்த இரு அலைகளை அனுப்புகின்றன. ஆகவே, ஓர் ஆன்டெனாவை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் 45 பாகை சாய்த்துப் பொருத்தினால்தான் முழு வேகம் கிடைக்கும். பேனல்களில் சில, இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டவை. ரூட்டரில் 4ஜி ஆன்டெனாவுக்கென்று திருகு துவாரங்கள் உள்ளனவா என்றும் முதலில் பாருங்கள். வீட்டுக்குள் வைஃபை பரப்பும் குச்சிகள் வேறு; அவற்றில் மாட்டிப் பயனில்லை.

கேபிள்தான் பெரும்பாலோர் கவனிக்காதது. மண் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கடைமடைக்கு என்ன வரும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஜி.58 எனும் மெல்லிய கேபிளில், 2300 மெகாஹெர்ட்ஸ் அலை மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் இழக்கும். பத்து மீட்டர் ஓடினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய கெயின் அத்தனையும் போயிற்று. 900 அலைக்கு இழப்பு சுமார் பாதி. எல்.எம்.ஆர்.400 என்ற தடித்த கேபிளில் பத்து மீட்டருக்கு 2 டெசிபெல் அளவே போகும். விலை அதிகம், வளைப்பதும் கடினம். இதை விட நல்ல வழி ஒன்று உண்டு. ரூட்டரையே மழை புகாத பெட்டியில் வைத்து ஆன்டெனாவுக்கு அருகிலேயே கட்டிவிட்டு, லேன் கேபிளைக் கீழே இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை இழப்பின்றித் தரவைக் கொண்டுவரும். தக்க கருவி பொருத்தினால் மின்சாரத்தையும் அதிலேயே அனுப்பலாம். எங்கள் தோட்டத்தில் தொட்டியின் மேல் இவ்வாறு பெட்டியும், ஒரு மீட்டர் கேபிளில் இரு லாக் பீரியாடிக் ஆன்டெனாக்களும் வைத்த பிறகு, -108 என்று இருந்த அளவு -94 ஆயிற்று.

கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை செல்லும் பாதை கயிறு போன்றதன்று. வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்தது. 2300 அலைக்கு, 4 கி.மீ. தொலைவில், நடுவழியில் இதன் ஆரம் 11 மீட்டர். இதில் 60 சதமாவது தடையின்றி இருக்க வேண்டும். நனைந்த தழை அலையை மிகுதியாக உறிஞ்சும். அதனால், கோடையில் சரியாக இருந்தது மழைக்காலத்தில் குறையலாம். கரும்பும் வாழையும் பெரும்பாலும் தொல்லை செய்வதில்லை. தென்னையும் சவுக்கும் செய்யும். பக்கத்து வயலில் இந்த ஆண்டு சவுக்கு நட்டிருந்தால், மூன்று ஆண்டுகளில் அது எவ்வளவு உயரம் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கம்பத்தின் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பம், சரிந்து விழுந்தாலும் மின்கம்பியில் படாத தூரத்தில் இருக்கட்டும். இதில் சலுகையே கிடையாது. தடித்த செம்புக் கம்பியால் எர்த் குழியுடன் இணைத்து, இடி மின்னலின் போது கருவியின் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனாவை ஒருவர் மெல்ல மெல்லத் திருப்ப, மற்றவர் ரூட்டரின் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் பொறுங்கள். எண் உடனே மாறாது. பலமான கோபுரம் ஒன்று, தெளிவான கோபுரம் மற்றொன்று என்று அமைந்தால், எஸ்.ஐ.என்.ஆர். கூடுதலாக உள்ள பக்கமே திருப்புங்கள்.

சிலர் ‘பூஸ்டர்’ என்று ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். அனுமதியின்றி அதை நிறுவுவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாரின் கைபேசிகளும் கெடும். ரூட்டரில் மாட்டும் வெறும் ஆன்டெனாவுக்கு இந்தத் தடை இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை மேலே ஏறி, இணைப்புகளின் மேல் சுற்றிய ரப்பர் நாடா பிரிந்துள்ளதா என்று பாருங்கள். நீர் இறங்கிய கேபிளைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அணில் கடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.