விமானம் கிளம்பும் முன்பே மாஸ்க்

"ஃப்ளைட்ல மாஸ்க் போடணுமா, வேண்டாமா?" பிள்ளைகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவுக்கோ மெல்போர்னுக்கோ கிளம்பும் அப்பா அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சட்டம் கட்டாயப்படுத்தியவரை இப்படிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் 2022 நவம்பர் 16-ஆம் தேதியோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. போட்டுக்கொள்வது நல்லது என்ற ஆலோசனை மட்டும் மிஞ்சியது. இனி முடிவு நம்முடையது. டீயை நிதானமாகக் குடித்தபடி கேளுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்தான், ஆனால் புரியாதது ஒன்றுமில்லை.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைப்போம். அடைத்த டப்பாவுக்குள் முந்நூறு பேர் விட்ட மூச்சையே மறுபடி மறுபடி இழுக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பறக்கும் விமானத்தில் அப்படி நடப்பதில்லை. உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய பாதி, வெளியிலிருந்து புதிதாக எடுக்கப்படுவது. மீதிப் பாதி ஏற்கெனவே உள்ளே இருந்த காற்றுதான், ஆனால் அது ஹெப்பா ஃபில்டர் வழியாகப் போய்த்தான் திரும்புகிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அந்த ஃபில்டர் பிடித்துவிடும். உள்ளே இருக்கும் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. காற்றில் பரவும் நோயாளிகளைத் தனியாக வைக்க மருத்துவமனையில் புதிதாகக் கட்டும் அறைக்கே மணிக்கு 12 தடவை மாறினால் போதும் என்பதுதான் அமெரிக்க விதி. விமானத்தில் காற்று மேலே கூரையோரத்திலிருந்து இறங்கி, காலடியில் சுவரோரமாக இருக்கும் இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில் அது அதிகம் ஓடுவதில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கும்போது மாஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இந்த ஏற்பாடு எல்லா நேரமும் முழு பலத்தோடு ஓடுவதில்லை. இரண்டு, பக்கத்து சீட்டுக்காரர் இருமினால் அந்தக் காற்று ஃபில்டருக்குப் போய்ச் சேரும் முன்பே நம் மூக்குக்கு வந்துவிடும்.

முதல் காரணத்துக்கு 1977-இல் அலாஸ்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 54 பேர் இருந்த ஒரு ஜெட் விமானம், கிளம்பும் நேரத்தில் இன்ஜின் கோளாறால் தரையிலேயே நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் தாமதம். பெரும்பாலான பயணிகள் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். காற்றோட்ட இயந்திரம் ஓடவில்லை. பயணிகளில் ஒருவருக்கு ஃப்ளூ காய்ச்சல். அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் இருமலும் காய்ச்சலும் உடம்பு வலியுமாகப் படுத்துவிட்டார்கள். விமானத்தில் நோய் பரவுவதைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் இன்றைக்கும் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இத்தனை பேரும் படுத்தது வானத்தில் பறந்ததால் அல்ல, தரையில் காற்றோட்டம் இல்லாமல் காத்திருந்ததால்.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 2020 செப்டம்பரில், துபாயிலிருந்து ஆக்லாந்து போன விமானத்திலும் இதே பாடம் எட்டிப் பார்த்தது. வழியில் கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்ப நின்றபோது, காற்றோட்டத்துக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரம் அரை மணி நேரம்போல நிறுத்தப்பட்டிருந்தது. நியூசிலாந்து போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் தனிமைப்படுத்திப் பரிசோதித்தார்கள். பயணத்திலேயே கொரோனா தொற்றியவர்கள் என்று நான்கு பேரை அடையாளம் கண்டார்கள். எல்லோரும் அடுத்தடுத்த சில வரிசைகளில் உட்கார்ந்தவர்கள். அவர்களில் மாஸ்க் போட்டிருந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. மாஸ்க் என்பது முழுக் கவசம் அல்ல என்பதையும் இதே சம்பவம் சொல்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நம் ஊர் பயணத்தை நினைத்துப் பாருங்கள். செக்யூரிட்டி வரிசையில் நெரிசல். போர்டிங் என்று அறிவித்ததும் வாசலில் முண்டியடிப்பு. சில நேரம் விமானம்வரை கொண்டுபோய் விட ஒரு பஸ், அதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் உரச நிற்கிறோம். உள்ளே போனால் முன்னால் இருப்பவர் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்வரை நடைபாதையில் நிற்கிறோம். இறங்கும்போதும் இப்படித்தான். சக்கரம் நின்றதும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், கதவு திறக்கக் கால் மணி நேரம் ஆகிறது. கூட்டம் அதிகமாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருப்பது இந்த நேரங்களில்தான். வழக்கத்தில் நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. உட்கார்ந்து பெல்ட் போட்டு, விமானம் மேலே ஏறிய பிறகுதான் பையிலிருந்து மாஸ்க்கை எடுக்கிறோம். இறங்கும் அவசரத்தில் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறோம்.

இரண்டாவது காரணம் அக்கம்பக்கம். 2020 மார்ச் 1-ஆம் தேதி லண்டனிலிருந்து ஹனோய் போன விமானத்தில், பிசினஸ் கிளாஸில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தொண்டை வலியும் இருமலும் இருந்தன. சுமார் பத்து மணி நேரப் பயணம். விமானத்தில் மாஸ்க் கட்டாயம் ஆகாத நாட்கள் அவை. பிசினஸ் கிளாஸில் மட்டும் 12 பேருக்குத் தொற்றியது. பின்னால் எகானமியில் கும்பலாக உட்கார்ந்திருந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் வந்தது. காசநோய் விஷயத்தில் உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் கணக்கும் இதைத்தான் ஒட்டியது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் நோயாளி இருந்த வரிசை, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வரிசைகளில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறது. ஆகவே விமானம் முழுவதையும் நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. நம்மைச் சுற்றி இருக்கும் பத்துப் பதினைந்து பேரில் யாராவது இருமுகிறாரா என்பதுதான் கேள்வி. ஜன்னல் சீட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் போய்வருகிறவர்களின் மூச்சிலிருந்து அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

அடுத்த கேள்வி, மாஸ்க் எப்படித் தடுக்கிறது? வைரஸ் மிகச் சின்னது, மாஸ்க்கின் ஓட்டை அதைவிடப் பெரியது, பிறகு என்ன பிரயோஜனம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மாஸ்க் வலை மாதிரி வேலை செய்வதில்லை. என்-95 மாஸ்க்கின் நடு அடுக்கு, மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் ஒரு மெத்தை. அந்த இழைகளில் மின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிற மாதிரி, பக்கத்தில் வரும் துகளை இழை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பெரிய துகள்கள் வேகத்தில் நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சின்னவை காற்றில் அங்குமிங்கும் தள்ளாடி எங்காவது மோதும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான் தப்பிப்பதில் கெட்டி. அந்த அளவிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் பெயரில் இருக்கும் 95-க்குப் பொருள். தவிர, வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. எச்சிலும் சளியும் கலந்த நுண்துளியில் உட்கார்ந்துதான் வருகிறது.

இந்த மின்னேற்றம்தான் உயிர்நாடி. சோப்புத் தண்ணீரில் நனைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அது போய்விடும். மாஸ்க் பார்க்கப் புதிதுபோல இருக்கும், வேலை செய்யாது. ஆகவே என்-95-ஐத் துவைக்க வேண்டாம். போகும் பயணத்துக்கு ஒன்று, நடுவில் விமானம் மாறினால் இன்னொன்று, உபரியாக ஒன்று என்று காகிதக் கவரில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். ஈரமானாலோ வார் தளர்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது? புடவை முந்தானை, கர்ச்சீப், ஒற்றைத் துணி மாஸ்க் எல்லாம் தும்மலின் பெரிய துளிகளை ஓரளவு தடுக்கும், நுண்துளிகளைப் பெரிதாகத் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் அதைவிட மேல், ஆனால் கன்னத்தோரம் காற்று புகுந்துவிடும். என்-95, அல்லது ஐ.எஸ். 9473 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எஃப்.எஃப்.பி-2 மாஸ்க் நல்லது. காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு வார் போகும் வகை இறுக்கமாக உட்காரும். முன்னால் பிளாஸ்டிக் வால்வு வைத்ததை வாங்காதீர்கள். நாம் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டாமல் வெளியே போகும். நமக்குச் சளி இருந்தால் அடுத்தவருக்கு அது பாதுகாப்பு தராது.

இனி போடும் விதம், இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மாஸ்க்கை மூக்கிலும் தாடைக்கு அடியிலும் பொருத்துங்கள். மேல் வாரைப் பின்தலையின் மேல்பக்கத்திலும், கீழ் வாரைக் காதுக்குக் கீழே பிடரியிலும் இழுத்து விடுங்கள். பிறகு இரண்டு கை விரல்களாலும் மூக்குத்தண்டின் மேல் இருக்கும் உலோகப் பட்டையை நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்துங்கள். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இடைவெளி விழும். இப்போது இரண்டு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை மூடி, பலமாக மூச்சு விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று படுகிறதா? மூக்குக்கண்ணாடி மங்குகிறதா? அப்படியென்றால் மேலே கசிகிறது, பட்டையை மறுபடி அழுத்துங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு அழுத்தினாலும் ஓரம் ஒட்டாது. ஐந்து நிமிஷம் வீட்டுக் கண்ணாடி முன் பழகிவிட்டுக் கிளம்பினால் விமான நிலையத்தில் திண்டாட வேண்டியதில்லை.

மூச்சு முட்டுமே, ஆக்ஸிஜன் குறையுமே என்று வயதானவர்கள் தயங்குகிறார்கள். ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் மாஸ்க்கின் வழியே தாராளமாகப் போய்வரும். விமானத்தில் மூச்சு கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றுவதற்கு வேறு காரணம் உண்டு. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம், அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மாஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் இது அப்படித்தான். நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் டாக்டரைப் பார்த்து, மாஸ்க்கைப் பற்றியும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளட்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது. அவசரத்தில் மேலிருந்து ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தால், நம் மாஸ்க்கை முதலில் கழற்றிவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும்.

சாப்பாடு வரும்போது கழற்றத்தான் வேண்டும். சாப்பிட்டதும் மறுபடி போடுங்கள், தட்டு எடுக்க வரும்வரை காத்திருக்க வேண்டாம். விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும், தொண்டை வறளும். தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் மாஸ்க்கை இறக்குவதில் தப்பில்லை. தலைக்கு மேல் இருக்கும் காற்றுக் குழாயை மூடாதீர்கள், அதில் வருவது சுத்தமான காற்று. பதினைந்து மணி நேரமும் போட்டுக்கொண்டிருக்க முடியவில்லையா? வரிசையில் நிற்கும்போதும், பஸ்ஸிலும், விமானம் ஏறி மேலே போகும்வரையிலும், தரை இறங்கியதிலிருந்து வெளியே வரும்வரையிலும் போடுங்கள். தரையில் விமானம் தாமதமாகி நின்றால் கழற்றவே கழற்றாதீர்கள். நடுவில், அக்கம்பக்கம் யாரும் இருமாதபோது, கொஞ்சம் கழற்றி ஓய்வெடுக்கலாம்.

இவ்வளவும் செய்தால் நோய் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாஸ்க் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில் நடந்தது. பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, போடச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். அதன் பிறகும் பத்தில் நாலு பேர்தான் சரியாகப் போட்டார்கள். அந்த அளவுக்கே, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு கூடிய கொரோனா 11 சதவீதம் குறைந்தது, 60 வயது தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்கில் தெளிவான பலன் தெரியவில்லை. மாஸ்க்கின் பலன் உண்மை, ஆனால் அது தரத்தையும் போடும் விதத்தையும் பொறுத்தது. கையைக் கழுவுவதும், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இதோடு சேர வேண்டியவை.

கடைசியாக, உடம்பு சரியில்லாமல் விமானம் ஏற நேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சாவு வீடு, பரீட்சை, விசா தேதி என்று தள்ளவே முடியாத பயணங்கள் இருக்கின்றன, அது எல்லோருக்கும் புரியும். அப்படிப் போக வேண்டியிருந்தால் மாஸ்க் போட வேண்டிய முதல் ஆள் நீங்கள்தான். கிருமி கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடித்துவிட்டால், சுற்றி இருக்கும் பதினைந்து பேரும் ஒரே மாஸ்க்கில் தப்பிப்பார்கள். பக்கத்து சீட்டில் கீமோதெரபி முடித்துத் திரும்பும் ஒருவர் இருக்கலாம், பேரன் பிறந்த செய்தி கேட்டுக் கிளம்பிய பாட்டி இருக்கலாம். அவர்களுக்காக அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.