அலாரம் தவறாது ஒலிக்க, மாத்திரை நினைவூட்டல் தாமதமாவது ஏன்?

மும்பை மாஹிமில் அதிகாலை மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர், கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு உறங்குகிறார். அது நேரம் தவறுவதில்லை. ஆனால், மாத்திரையை நினைவூட்டும் செயலி சில வேளைகளில் தாமதிக்கிறது.

மின்சேமிப்பே காரணம். முன்பு லினக்ஸ் இயங்குதளம், வேலை இல்லாதபோதும் நொடிக்கு 100 முதல் 1,000 முறை பிராசஸரை எழுப்பியது. 2007-இல் வெளியான 2.6.21 பதிப்பு, ஓய்வு நேரத்தில் இத்துடிப்பை நிறுத்த வழிசெய்தது.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு, 2015-இல் தனது 6-ஆம் பதிப்பில் இன்னும் கண்டிப்பானது. சார்ஜ் ஏறாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் சாதாரண டைமர்களை நிறுத்திவைத்து, இடையிடையே மொத்தமாக இயக்குகிறது. அலாரம் கடிகாரத்துக்கு விலக்கு உண்டு.

மருந்து விஷயத்தில் இந்தச் சிக்கனம் ஆபத்தாகலாம். ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லிய அலாரத்துக்கெனத் தனி அனுமதி அமைப்புகளில் உள்ளது. மாத்திரைச் செயலிக்கு அது தரப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். கேட்கும் செயலிக்கெல்லாம் தந்தால், கைப்பேசி இரவெல்லாம் விழித்து சார்ஜைக் குடிக்கும்.