எஃகில் தொடங்கிய ஒன்றியம்: அன்றும் இன்றும்

1950 மே 9 அன்று பாரிஸில், வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார அறையில் அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஓர் அறிக்கை வாசித்தார். எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சு அதிகாரி ழான் மொனே. உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. பிரான்சின் நிலக்கரியும் எஃகும், மேற்கு ஜெர்மனியின் நிலக்கரியும் எஃகும் இனி ஒரே பொது அதிகாரத்தின் கீழ் இருக்கட்டும் என்றது அறிக்கை. பீரங்கி வார்க்கும் உலை இருவருக்கும் பொதுவாகிவிட்டால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது. அடுத்த ஆண்டே ஆறு நாடுகள் கையெழுத்திட்டன.

அந்த ஆறு இன்று 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம். மக்கள் தொகை 45 கோடி. போரை ஒழித்ததற்காக 2012இல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கியாயிற்று. அதே ஒன்றியம் 2025 மார்ச்சில் வெளியிட்ட திட்டம், 2030க்குள் படைபலத்தைத் தேற்ற 80,000 கோடி யூரோ வரை திரட்டலாம் என்கிறது. அந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனம் உன்டர்லூஸ் ஊரில் புதிய பீரங்கிக் குண்டு ஆலையைத் திறந்தது. பயந்துகொண்டு அல்ல, விழா எடுத்துத் திறந்தார்கள்.

சொந்தப் படை வேண்டும் என்ற யோசனை ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 1952இல் அந்த ஆறு நாடுகளும் கூட்டு ராணுவத்துக்கு ஒப்பந்தமே போட்டுவிட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் 319க்கு 264 என்று அதைத் தூக்கிப் போட்டது. தேசியவாதத் தலைவர் டி கோலின் ஆட்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்துவிட்டு எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். மறுவருடம் மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. காவல் வேலை அமெரிக்காவுக்கு, வணிகம் பிரசல்ஸுக்கு என்ற பாகப்பிரிவினை அன்றே முடிவாகிவிட்டது. ஐரோப்பாவின் ஓய்வூதியமும் இலவசக் கல்வியும் செழித்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. அங்குள்ள அரசியல்வாதிகள் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது காவல்காரர் சம்பளம் கேட்கிறார். 2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக டிரம்ப்புக்கு வாக்குக் கொடுத்தன. ஐரோப்பா தன் காலில் நிற்க வேண்டும் என்று இன்று உரக்கப் பேசுகிறவர், 1954இல் கூட்டுப் படையைப் புதைத்த அதே பிரான்சின் அதிபர். ஒன்றியத்தின் கையோ இன்னும் கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. ராணுவ நடவடிக்கைக்கு ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்ப, கணக்குக்கு வெளியே இருந்த தனி நிதியைத்தான் தேட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் முதன்முறையாகப் பாதுகாப்புக்கென ஓர் ஆணையரை நியமித்தார்கள். லித்துவேனியாவின் முன்னாள் பிரதமர் ஆண்ட்ரியஸ் குபிலியஸ். அவர் உத்தரவிட ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. நாடுகள் ஆயுதம் வாங்க 15,000 கோடி யூரோ கடன் திட்டம் இருக்கிறது. அதில் பெரும் பங்கைக் கேட்டு வாங்கியது ரஷ்யாவின் வாசலில் இருக்கும் போலந்து.

பீரங்கியை விட ஐரோப்பாவை அதிகம் ஆட்டிவைத்தது எரிவாயு. 1970இல் மேற்கு ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துடன் ஒரு பண்டமாற்று பேசியது: நாங்கள் பெரிய எஃகுக் குழாய் தருகிறோம், நீங்கள் எரிவாயு தாருங்கள். நிலக்கரியும் எஃகும் பிரான்சையும் ஜெர்மனியையும் பிணைத்தன அல்லவா, அதே கணக்கு மாஸ்கோவிடமும் பலிக்கும் என்று நம்பினார்கள். 1982இல் சைபீரியக் குழாயை நிறுத்தச் சொல்லி அமெரிக்க அதிபர் ரீகன் தடை போட்டபோது, அவருடைய தோழியான பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர்கூடக் கேட்கவில்லை. பெர்லின் சுவர் விழுந்தது, சோவியத் உடைந்தது, குழாயில் வாயு நிற்கவில்லை. அதனால் நம்பிக்கை பாறையாக இறுகியது. 2011இல் பால்டிக் கடலுக்கடியில் நார்ட் ஸ்ட்ரீம் வந்தது. 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகும் இரண்டாவது குழாய்க்கு வேலை நடந்தது. போலந்தும் பால்டிக் நாடுகளும் கத்தியது பெர்லினில் யார் காதிலும் விழவில்லை. விவரம் தெரியாமல் நடந்த தவறு என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மலிவு விலைக்கு ஆசைப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

2021இல் ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழ 45 சதவீதம் ரஷ்யாவுடையது. மறுவருடம் உக்ரைன் போர் தொடங்கியது; ஆகஸ்டில் விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. செப்டம்பரில் கடலடிக் குழாய்கள் வெடித்தன. ஆனால், ஒரு பாலம் கட்டவே பத்து வருடம் எடுக்கும் ஜெர்மனி, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனில் திரவ எரிவாயுக் கப்பல் இறங்கும் துறையை ஒரு வருடத்துக்குள் கட்டி முடித்தது. 2024இல் ரஷ்யப் பங்கு 19 சதவீதத்துக்கு இறங்கியது. விட்ட இடத்தை நிரப்பியதில் முதலிடம் அமெரிக்காவுக்கு. கப்பலில் வரும் திரவ எரிவாயுவில் பாதியை ஒட்டிய பங்கு அந்த ஆண்டு அங்கிருந்துதான் வந்தது. பழைய கடைக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுப் புதுக் கடையில் பற்று வைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் சின்ன நாடுகளைப் பாராட்ட வேண்டும். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் 1991இல் விடுதலை பெற்றன. 2004இல் ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தன. ஆனால் அவற்றின் மின்கட்டமைப்பு மட்டும் ரஷ்யக் கட்டமைப்போடு பிணைந்தே கிடந்தது. அதிர்வெண்ணைச் சீராக வைத்திருந்தது மாஸ்கோ. 2025 பிப்ரவரி 8 அன்று அந்தத் தொடர்பைத் துண்டித்து, மறுநாளே போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தன. விளக்கு அணையவில்லை.

எல்லையின் கதை வேறு. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூர் அருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையைக் கைவிட ஒப்புக்கொண்டன. அதே காலத்தில்தான் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலேறி மேற்கு பெர்லினில் இறங்கித் தஞ்சம் கேட்டார்கள். கிழக்கு ஜெர்மனி கண்டும் காணாமல் விட்டது. மேற்குக்குத் தலைவலி கொடுக்க அதற்கு அது ஒரு வழி. மேற்கு முணுமுணுத்தது, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டது. 2021இல் பெலாரஸ் அதே ஆட்டத்தை ஆடியது. இராக்கிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மின்ஸ்குக்கு வந்தவர்களைப் போலந்து எல்லைக் காட்டுக்குத் தள்ளியது. இம்முறை எதிரே நின்றது விண்ணப்பப் படிவம் அல்ல. போலந்து 186 கிலோமீட்டர் எஃகு வேலி கட்டியது. ஷெங்கன் பரப்பு இன்று 29 நாடுகளாக விரிந்திருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

படையும் எரிவாயுவும் வேலியும் பணத்தால் தீரக்கூடியவை. தீராதது முடிவெடுக்கும் முறை. வெளியுறவு, பாதுகாப்பு விஷயங்களில் ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். 1965இல் பிரெஞ்சு அதிபராக இருந்த டி கோல் தன் ஆட்களைக் கூட்டத்துக்கே அனுப்பாமல் ஏழு மாதம் அடம்பிடித்தார். ஆறு பேர் இருந்ததால் சமாதானம் பேச முடிந்தது. 27 பேரிடம் அது நடக்குமா? 2023 டிசம்பரில் உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சு தொடங்குவதற்கு ஹங்கேரியின் பிரதமர் ஓர்பன் குறுக்கே நின்றார். வாக்கெடுக்கும் நேரத்தில் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொல்லி, மற்ற 26 பேர் முடிவெடுத்தார்கள். ஒரு கண்டத்தின் வெளியுறவுக் கொள்கை நடைவழியில் ஒருவர் நிற்பதை நம்பி நடக்கிறது.

இரண்டு வருடம் கழித்து இன்னும் கொஞ்சம் துணிந்தார்கள். போருக்காக ஒன்றியம் முடக்கி வைத்த ரஷ்யாவின் மத்திய வங்கிச் சொத்து ஏறத்தாழ 21,000 கோடி யூரோ. பெரும்பகுதி பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் உள்ள யூரோகிளியர் நிதி நிறுவனத்தில் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் சம்மதித்தால்தான் முடக்கம் நீடிக்கும் என்று இருந்தது. 2025 டிசம்பரில் பொருளாதார நெருக்கடிக்கான ஒரு பிரிவைத் தூசி தட்டி எடுத்து, பெரும்பான்மை வாக்கில் காலவரையின்றி முடக்கிவிட்டார்கள். அந்தச் சொத்தை வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுக்கலாம் என்ற யோசனையை மட்டும் பெல்ஜியம் ஏற்கவில்லை. நாளை வழக்கு வந்தால் தன் தலையில் விழும் என்ற பயம். கடைசியில் ஒன்றியமே 9,000 கோடி யூரோ கடன் வாங்கிக் கொடுப்பதாக முடிவு செய்தது.

இத்தகைய குறுக்கு வழிகளால் ஓரிரு குளிர்காலத்தைச் சமாளிக்கலாம். உக்ரைனும் மால்டோவாவும் மேற்கு பால்கன் நாடுகளும் வாசலில் நிற்கின்றன; அவையும் உள்ளே வந்தால் மறுக்கும் உரிமை முப்பதுக்கும் மேற்பட்ட கைகளுக்குப் போகும். இந்த விதியைத் தொடாமல் கதவை அகலத் திறப்பது விவேகமல்ல என்பதே என் எண்ணம். ஆனால் அதை மாற்றவும் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.